குழாய்க்குள்ளே ஒரு குழாய்!

கௌதள்ளியில் விடியுமுன் கிளம்பி, ஹனூர், கொள்ளேகால், கனகபுரா என்று குலுங்கி வந்த பிள்ளைகளுக்கு, பெங்களூரு கஸ்தூர்பா சாலையில் இறங்கியதும் தூக்கம் போன இடம் தெரியவில்லை. எதிரே விஸ்வேஸ்வரய்யா தொழில், தொழில்நுட்ப அருங்காட்சியகம். 1962இல் நேரு திறந்துவைத்த கட்டடம். 1903இல் ரைட் சகோதரர்கள் ஓட்டிய விமானத்தின் முழு அளவு மாதிரி இங்கே இருக்கிறது. அதற்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு எல்லாரும் ஓடியது வேடிக்கை அறிவியல் பக்கம். அமுக்கலாம், சுழற்றலாம், கத்தலாம்!

எனக்கு முன்பக்கம் போதவில்லை. ஒவ்வொன்றின் முதுகையும் பார்த்தாக வேண்டும்.

இந்த மாதிரிக் கூடங்களின் நிரந்தர நாயகன் அந்தரத்தில் தொங்கும் குழாய். பின்னால் இணைப்பே கிடையாது, தண்ணீர் மட்டும் கொட்டோ கொட்டென்று கொட்டும். "அண்ணா, கீழ குனிஞ்சு பாருங்க!" குனிந்தால் குட்டு உடைந்தது: கொட்டும் நீருக்கு நடுவிலேயே ஒரு கண்ணாடிக் குழல். தொட்டித் தண்ணீரை மோட்டார் அதன் வழியே மேலே தள்ளுகிறது, வாயில் முட்டிய தண்ணீர் குழலை மூடிக்கொண்டு வழிகிறது. குழாயைத் தாங்குவதும் அதே குழல்தான். பலே திருட்டு!

முடிவில்லாக் கிணறோ இன்னும் சிக்கனம். எதிரெதிரே இரண்டு கண்ணாடி, மேலே உள்ளது பாதி ஒளியை மட்டும் வெளியே விடும். நடுவே ஒரு வரிசை பல்பு. அவ்வளவுதான், பாதாளம் தயார்.

இப்படி முதுகைக் காட்டுவதைக் கொள்கையாகவே வைத்தவர் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர், அணுகுண்டு ஓப்பன்ஹைமரின் தம்பி. 1949இல் பல்கலைக்கழக வேலை பறிபோய், கொலராடோவில் மாடு வளர்த்து, பள்ளிக்கூட வாத்தியாராகி, 1969இல் சான்பிரான்சிஸ்கோவில் எக்ஸ்ப்ளோரடோரியம் என்ற அறிவியல் கூடத்தைத் தொடங்கினார். அங்கே பட்டறையே பார்வையாளர் கண்ணெதிரில்! வெல்டிங் பொறி பறப்பதும் காட்சிதான்.

எங்கள் பிள்ளைகளின் பேச்சு முழுக்க, பெங்களூரில் பார்த்த, மேடேறி உருளும் இரட்டைக் கூம்பைப் பற்றியே. ஊரில் செய்யலாமாம். மண்ணெண்ணெய் ஊற்றும் புனல் இரண்டை வாயோடு வாய் ஒட்டு. இரு குச்சியை 'வி' போல் விரித்து, அகன்ற பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்து. குச்சிகள் விலக விலகக் கூம்பின் நடுப்பகுதி உள்ளே இறங்கும். ஏறுவதாகத் தெரிவது உண்மையில் இறக்கம். புனலுக்கு யார் வீடு என்பதில்தான் இப்போது சண்டை.