தங்கக் கல்லும் நம் போடி மலைக் கல்லும்

ஏலக்காய் மூட்டையோடு மலையிலிருந்து இறங்குகிறவர்கள் சிலர், மடியிலிருந்து மினுமினுக்கும் கல்லை எடுத்துக் காட்டி, "முதலாளி, இது தங்கமா?" என்று கேட்பதுண்டு. கேட்பதில் தவறில்லை. ஆனால் அதே கல்லைக் காட்டி முன்பணம் கேட்பவர்களும் வருவதால், நம் வணிகப் பெருமக்களுக்காக இதைச் சற்று விளக்கி எழுதுகிறோம்.

தங்கம் எல்லாக் கல்லிலும் தங்குவதில்லை. கோலார் தங்கவயலில் இருந்தது, ஏறத்தாழ 270 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு உறைந்து, பின் அழுத்தத்தால் அடுக்கடுக்காக மாறிய 'ஷிஸ்ட்' என்னும் கரும்பாறை. அதன் வெடிப்புகள் வழியே ஆழத்து வெந்நீர் ஏறி, கரைத்துக் கொண்டுவந்த தங்கத்தை வெங்கச்சங்கல் ரேகைகளில் படியவிட்டது. அந்த ரேகையைப் பின்தொடர்ந்தே சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போயிற்று. சுமார் 800 டன் தங்கம் தந்த பிறகு 28.2.2001 அன்று மூடப்பட்டது. தங்கம் அடியோடு தீர்ந்துவிடவில்லை. எடுக்கும் செலவு வரவை மிஞ்சிவிட்டது. வியாபாரிக்கு இந்தக் கணக்கு சொல்லாமலே புரியும்.

நீலகிரியில் பந்தலூர், தேவாலா பக்கமும் ரேகைகள் உண்டு. 1880-ஐ ஒட்டி அதை நம்பி லண்டனில் கம்பெனிகள் கிளம்பின, பங்குகள் பறந்தன. கல்லில் தங்கம் இருந்தது, கட்டுப்படியாகும் அளவுக்கு இல்லை. சில ஆண்டுகளில் எல்லாம் கவிழ்ந்தன.

நம் போடி மேற்கு மலையோ பெரும்பாலும் 'சார்னோகைட்'. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறையில் இருந்த கல்லைப் பார்த்து 1893-ல் தாமஸ் ஹாலந்து வைத்த பெயர் இது. பல்லாவரத்துக் கல்லும் இதே இனம்தான். பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தில் வெந்து நீர்ச்சத்து வற்றிய கல். இதில் தங்க ரேகை அமைவது அரிது. ஆனால் உறுதிக்குக் குறைவில்லை. 2015-ல் மத்திய அரசு ஒப்புதல் தந்த நியூட்ரினோ ஆய்வுக்கூடத்துக்குப் பொட்டிபுரம் மலையைத் தேர்ந்ததற்கு இந்த உறுதியும் ஒரு காரணம். (அத்திட்டத்தின் சர்ச்சை தனிக் கதை.)

அப்படியானால் மினுமினுப்பது எது? பெரும்பாலும் காக்காய்ப்பொன், அதாவது அபிரகம். நகத்தால் நெம்பினால் ஏடு ஏடாக உரியும். இன்னொன்று, இரும்பும் கந்தகமும் சேர்ந்த மஞ்சள் கல். சுத்தியலால் தட்டினால் தூளாகும்; உரைத்தால் கரும்பச்சைக் கோடு விழும். தங்கமோ தட்டத் தட்டத் தகடாகும். உரைகல்லில் மஞ்சளாகவே இழுக்கும்.

இதற்கு மேலும் ஐயம் இருந்தால் மாவட்டப் புவியியல் மற்றும் சுரங்கத் துறை அலுவலகத்தில் விசாரிக்கலாம். முன்பணம் கேட்டு வருபவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.