மார்கழி விடியலில் ஓடலாமா?

அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளி விடுமுறை தொடங்கியதும் நான்கைந்து நண்பர்கள் கூடி, "நாளை முதல் விடியற்காலையில் ஓடுவோம்" என்று முடிவு செய்வதை இன்று பல ஊர்களில் காணலாம். சென்னையில் 2006-ஆம் ஆண்டு தோன்றிய 'சென்னை ரன்னர்ஸ்' போன்ற குழுக்களில் மாணவர், அலுவலர், ஓய்வு பெற்றோர் எனப் பலரும் சேர்ந்து ஓடுகிறார்கள். ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானில், 42.195 கிலோமீட்டர் ஓடுவோர் சூரியன் எழுவதற்கு முன்பே கிளம்பிவிடுகிறார்கள்.

இந்தப் பழக்கம் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் போன்ற தொழில் ஊர்களுக்கு வரும்போது ஒரு கேள்வியும் கூடவே வருகிறது. இங்கே சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலை ஊரை ஒட்டிச் செல்கிறது. இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம்–வடகால் தொழிற்பூங்காக்களுக்குச் செல்லும் கண்டெய்னர் லாரிகளும், ஷிப்டு மாறும் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் பேருந்துகளும் பொழுது விடியும் முன்பே ஓடத் தொடங்கிவிடுகின்றன. அந்தச் சாலையோரத்தில், அந்த நேரத்தில் ஓடுவது உடம்புக்கு நல்லதா? விஞ்ஞானம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

ஓசோன் கதை

"மார்கழி விடியலில் ஓசோன் காற்று இறங்கி வருகிறது, அதைச் சுவாசித்தால் நல்லது" என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இது உண்மையன்று.

நம்மைக் காக்கும் ஓசோன் படலம் தரைக்கு மேலே ஏறத்தாழ 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அது மார்கழிக்காகக் கீழே இறங்கி வருவதில்லை. தரையருகே உள்ள ஓசோன் வேறு வகையில் உண்டாகிறது. வாகனப் புகையிலும் ஆலைப் புகையிலும் உள்ள நைட்ரஜன் ஆக்ஸைடுகளும், எளிதில் ஆவியாகும் கரிமப் பொருள்களும் வெயிலில் வினைபுரிவதால் அது பிறக்கிறது. எனவே பிற்பகலில்தான் அது மிகுதி. இரவில் வெயில் இல்லை. போதாக்குறைக்கு லாரிப் புகையில் உள்ள நைட்ரிக் ஆக்ஸைடு, இருக்கும் ஓசோனையும் சிதைத்துவிடுகிறது. ஆகவே, நகர்ப்புறங்களிலும் பெருஞ்சாலை ஓரங்களிலும் தரையருகே ஓசோன் மிகக் குறைவாக இருக்கும் வேளைகளில் ஒன்று விடியற்காலை!

மேலும், ஓசோன் சுவாசிக்க ஏற்ற வாயுவே அன்று. அது மூச்சுக் குழாய்களை உறுத்திப் புண்படுத்தும். மார்கழி விடியலில் ஓடுவது இதமாக இருப்பதற்கு உண்மையான காரணம் வேறு.

ஓடும் உடல் ஓர் அடுப்பு

ஓடுபவர் ஒருவர், தம் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும், கடக்கும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 1 கிலோ கலோரி செலவிடுகிறார். 50 கிலோ எடையுள்ள மாணவர் 6 கிலோமீட்டர் ஓடினால் 300 கிலோ கலோரி செலவாகும். இதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே தசைகளின் இயக்கத்துக்குப் பயன்படுகிறது. மீதி 240 கிலோ கலோரியும் வெப்பமாகிவிடுகிறது.

இந்த வெப்பம் முழுவதும் உடலுக்குள்ளேயே தங்கிவிட்டால் என்ன ஆகும்? கணக்கிட்டால், உடலின் வெப்பநிலை 5 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏறிவிடும். 37 டிகிரியில் இருக்க வேண்டிய உடல் 42 டிகிரியைத் தாண்டும், உயிருக்கே ஆபத்து. அப்படி நேராமல் காப்பவை இரண்டு. ஒன்று, தோலைத் தொட்டுச் செல்லும் குளிர்ந்த காற்று. மற்றொன்று, வியர்வை. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது சுமார் 0.58 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது.

"விடியலில் காற்றின் ஈரப்பதம் 90 சதவீதம் இருக்குமே, வியர்வை எப்படி உலரும்?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. 21 டிகிரி வெப்பநிலையில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 18 கிராம் நீராவியையே தாங்கும். தோலை ஒட்டிய காற்றோ 33 டிகிரி அளவுக்குச் சூடாகி, சுமார் 36 கிராம் வரை தாங்கக்கூடியது. எனவே, சுற்றுப்புறக் காற்று ஈரமாக இருந்தாலும் வியர்வை ஆவியாக இடம் இருக்கிறது. மே மாத விடியலில் வெப்பநிலை 28 டிகிரி. அப்போது அந்த இடம் குறைந்துவிடுகிறது. மார்கழி நமக்குத் தரும் கொடை ஓசோன் அன்று, குளிர்ச்சிதான்.

காற்றுக்கு ஒரு மூடி

ஆனால் அந்தக் குளிர்ச்சிக்குள்ளேயே ஒரு சிக்கலும் ஒளிந்திருக்கிறது.

பகலில் வெயில் தரையைச் சூடாக்குகிறது. தரையை ஒட்டிய காற்று சூடேறி மேலே எழுகிறது. அதனுடன் புகையும் தூசியும் மேலே சென்று கலைந்துவிடுகின்றன. மேகமற்ற மார்கழி இரவில் நிலைமை மாறுகிறது. தரை தன் வெப்பத்தை வானத்தை நோக்கி வீசிவிட்டு விரைவில் குளிர்கிறது. தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துக் கீழேயே கிடக்கிறது. அதற்கு மேலே சற்று வெதுவெதுப்பான காற்று படிகிறது. உயரே போகப் போகக் குளிர வேண்டிய காற்று, இங்கே உயரே போகப் போக வெதுவெதுப்பாகிறது. இதை 'வெப்பநிலைத் தலைகீழாக்கம்' என்கிறார்கள்.

சோற்றுப் பானைக்கு மூடி போட்டதுபோல் இந்த வெதுவெதுப்பான அடுக்கு கீழே உள்ள காற்றை மூடிவிடுகிறது. இரவு முழுவதும் லாரிகள் கக்கிய புகை அந்த மூடிக்குக் கீழேயே தேங்குகிறது. காஞ்சிபுரம், செங்கல்பட்டு வட்டாரம் ஏரிகள் நிறைந்தது. வடகிழக்குப் பருவ மழையில் நனைந்த நிலமும் ஏரிகளும் தரும் நீராவி, புகைத் துகள்களின் மேல் படிந்து மூடுபனியாகவும் மாறுகிறது.

இந்த மூடி எவ்வளவு வலுவானது என்பதை 2018 ஜனவரி 13-ஆம் நாள் சென்னை கண்டது. அன்று போகி. பழைய பொருள்களை எரித்த புகையும் மூடுபனியும் ஒன்றாகிச் சென்னை விமான நிலையத்தை மறைத்தன. பல விமானங்கள் வேறு நகரங்களுக்குத் திருப்பிவிடப்பட்டன.

பத்து மடங்கு காற்று

சும்மா உட்கார்ந்திருக்கும்போது நாம் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்றைச் சுவாசிக்கிறோம். ஓடும்போது இது 60 லிட்டர் வரையும் அதற்கு மேலும் உயர்கிறது. 40 நிமிடம் ஓடினால் 2,400 லிட்டர் காற்று! அதுவும் பெரும்பகுதி வாய் வழியாக. மூக்கில் இருக்கும் வடிகட்டும் வசதி வாயில் இல்லை. 2.5 மைக்ரானுக்கும் குறைந்த துகள்கள் நுரையீரலின் கடைசி அறை வரை சென்றுவிடும். இவை தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்கைவிடச் சிறியவை.

பெருஞ்சாலையிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளிப்போனால் காற்று நன்றாக இருக்கும்? பகலில் ஏறத்தாழ 300 மீட்டர் போதும் என்று பல அளவீடுகள் காட்டியுள்ளன. ஆனால் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் சூரிய உதயத்துக்கு முன் அளந்து பார்த்து 2009-இல் வெளியிட்ட ஆய்வு வியப்பளித்தது. காற்று வீசும் பக்கத்தில், நெடுஞ்சாலைப் புகையின் மிக நுண்ணிய துகள்கள் 2 கிலோமீட்டர் வரைக்கும்கூடப் பரவியிருந்தன! அந்த நேரத்தில் சாலையில் வாகனங்கள் குறைவு. ஆயினும் மூடி மூடியே இருந்தது.

எங்கே, எப்போது?

அப்படியானால் ஓட வேண்டாமா? நிச்சயமாக ஓடுங்கள். இடத்தையும் நேரத்தையும் தேர்ந்து ஓடுங்கள்.

ஸ்ரீபெரும்புதூரில் டிசம்பர் இறுதியில் சூரியன் சுமார் 6.30 மணிக்கு உதிக்கிறது. அதன்பின் தரை சூடாகி, ஓரிரு மணி நேரத்தில் அந்த மூடி கலையத் தொடங்கும். மே மாதத்தில் வெயிலுக்குப் பயந்து 5 மணிக்கே ஓட வேண்டியிருக்கிறது. மார்கழியில் அந்த அவசரம் இல்லை. ஏழு, ஏழரை மணிக்கும் குளிர்ச்சி இருக்கும். விடுமுறைதானே, பள்ளி மணியும் அடிக்கப் போவதில்லை!

நெடுஞ்சாலை ஓரத்தையும், லாரிகள் நிரம்பிய ஒரகடம் சாலையையும் விடுத்து, ஏரிக்கரை, பள்ளி மைதானம், உள் தெருக்கள் ஆகியவற்றைத் தேர்ந்தெடுங்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்து, சாலைப் புகை உங்கள் மேல் வராத பக்கம் ஓடுங்கள். மூடுபனி அடர்ந்த நாளிலும் போகியன்று காலையிலும் ஓய்வெடுங்கள். இழுப்பு உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டே தொடங்க வேண்டும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியில் காற்றின் தரக் குறியீட்டைப் பார்க்கலாம். 100-க்குள் இருந்தால் கவலையில்லை, 200-ஐத் தாண்டினால் ஓட்டம் வேண்டாம்.

இருட்டில் ஓடுவதற்கு எதிராக இன்னொரு கணக்கும் உண்டு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரி ஒரு விநாடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் கடக்கிறது. ஓட்டுநர் உங்களைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒன்றரை விநாடி ஆனால், அதற்குள் 25 மீட்டர் போய்விடும். வண்டி நிற்க மேலும் 30 மீட்டராவது வேண்டும். தாழ்த்திய விளக்கொளியில் கறுப்பு உடை அணிந்தவர் கண்ணில் படுவதே 20, 30 மீட்டருக்குள்தான்! மீதியை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். வெளிர்நிற உடை அணியுங்கள். சாலையின் வலப்புறம், எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி, ஒருவர் பின் ஒருவராக ஓடுங்கள்.

பேசிக்கொண்டே ஓடுங்கள்

நண்பர்களோடு ஓடுவதில் ஒரு விஞ்ஞான வசதி இருக்கிறது. ஓடும்போது முழு வாக்கியமாகப் பேச முடிந்தால், தசைகளுக்குத் தேவையான பிராணவாயு போதிய அளவு கிடைக்கிறது என்று பொருள். இரண்டு சொல்லுக்கு ஒரு முறை மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். புதிதாகத் தொடங்குபவருக்கு இதைவிட நல்ல அளவுகோல் இல்லை. குழுவில் மிக மெதுவாக ஓடுபவர் பேசக்கூடிய வேகமே குழுவின் வேகமாக இருக்கட்டும்.

ஒரு சிறு சோதனை

வரும் விடுமுறையில் ஆறரை மணிக்கு, தொலைவில் தெரியும் தேநீர்க் கடை அல்லது வீட்டு அடுப்புப் புகையைக் கவனியுங்கள். அது கொஞ்ச தூரம் எழுந்து, பிறகு பாய் விரித்ததுபோல் படுக்கையாகப் பரவினால், அங்கே அந்த மூடி இருக்கிறது. எட்டு மணிக்கு மறுபடி பாருங்கள். புகை மேலே எழுந்து கலைந்து போகிறதா? எத்தனை மணிக்கு மாறியது? பத்து நாள்கள் நேரத்தையும் பனியையும் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். உங்கள் ஊரில் ஓடுவதற்கு ஏற்ற வேளை எது என்பதை அந்த நோட்டே உங்களுக்குச் சொல்லிவிடும்.