பயம் நோயா, நியாயமா?

1955இல் ரங்கூனில் வணிகம் செய்துகொண்டிருந்த சத்ய நாராயண் கோயங்காவைக் கடும் ஒற்றைத் தலைவலி வாட்டியது. மார்ஃபின் ஊசிதான் அதைத் தணித்தது. அரசின் தலைமைக் கணக்காயராக இருந்துகொண்டே விபாசனா தியானம் கற்பித்த ஊ பா கினிடம் போனார். தலைவலி தீர்வதற்கு மட்டும் என்றால் வர வேண்டாம் என்று குரு முதலில் மறுத்துவிட்டார்! மன இறுக்கம் உடம்பில் காட்டிய நோய் அது என்று கோயங்கா பின்னாளில் விளக்கினார்.

இன்று மேற்கத்திய மருத்துவமனைகளில் மனச்சோர்வு திரும்ப வராமல் தடுக்கக் கற்றுத்தரும் மனக்கவனப் பயிற்சியின் ஒரு வேர் அந்த பர்மிய விபாசனா மரபில் இருக்கிறது. ஆனால் கடுமையான மனநோய் உள்ளவர்களுக்குப் பத்து நாள் மௌன முகாம் ஏற்றதல்ல. முகாம் நடத்துபவர்களே இதைச் சொல்கிறார்கள்.

மனம் ஏன் சோர்கிறது என்பதற்கு ஆளுக்கொரு விடை உண்டு. இழந்தவர் மேல் உள்ள கோபம் தன் மேலேயே திரும்புகிறது என்று 1917இல் எழுதினார் ஃபிராய்ட். பயந்த இடத்தைத் தவிர்க்கத் தவிர்க்க பயம் வளரும் என்பது நடத்தையியல். தன்னைப் பற்றி, உலகைப் பற்றி, நாளையைப் பற்றி இருண்டே நினைக்கும் பழக்கத்தைக் காரணமாகக் காட்டினார் மனநல மருத்துவர் ஆரன் பெக். செரோடோனின் குறைவுதான் காரணம் என்ற விளம்பரப் பேச்சுக்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று 2022இல் ஓர் ஆய்வுத் தொகுப்பு சொன்னது. அதைப் படித்துவிட்டு மாத்திரையைச் சட்டென்று நிறுத்துவது ஆபத்து.

இவற்றை அன்றைய ரங்கூனான இன்றைய யாங்கோனில் வைத்துப் பார்த்தால் இடிக்கிறது. 2021 பிப்ரவரி 1இல் பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் அமலுக்கு வந்தது; 18 முதல் 35 வயது வரையுள்ள ஆண்கள் அதன் வரம்பில் வருகிறார்கள். பத்தொன்பது வயது மகன் வீடு திரும்பத் தாமதமானால் தாய்க்கு நெஞ்சு படபடக்கிறது. அதைத் தவறான எண்ணம் என்று எந்த ஆலோசகர் திருத்துவார்? சமூகச் சூழலையும் கணக்கில் எடுக்கும் பார்வைதான் இங்கே நேர்மையானது. லண்டனின் கேம்பர்வெல் பகுதிப் பெண்களை ஆராய்ந்த பிரௌனும் ஹாரிஸும் 1978இலேயே அந்த வழியைக் காட்டினார்கள்: பெரிய இழப்பும் மனம்விட்டுப் பேச ஆளில்லாமையும் சேரும்போது சோர்வு நோயாகிறது.

காரணம் வெளியே இருந்தாலும் சிகிச்சை வீணல்ல. தாய்லாந்து எல்லையிலுள்ள மே சோட்டில் பர்மிய அகதிகள் 347 பேரிடம் நடந்த ஆய்வு 2014இல் வெளியானது. சிகிச்சை தந்தவர்கள் மனநல மருத்துவர்கள் அல்ல. பயிற்சி பெற்ற சக அகதிகள். எண்ணங்களைச் சீர்தூக்குவது, தவிர்த்த வேலைகளை மெல்லத் தொடங்குவது, கொடிய நினைவைப் பேசிக் கடப்பது ஆகியவற்றை ஆளுக்கு ஏற்பக் கலந்து கொடுத்தார்கள். காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களைவிட இவர்களுக்குச் சோர்வும் பதற்றமும் வெகுவாகக் குறைந்தன.

மனநோயாளிகளின் உரிமை விஷயத்தில் பர்மா பின்தங்கியிருக்கிறது. ஆங்கிலேயர் போட்ட 1912ஆம் ஆண்டு பித்தர் சட்டத்தை இந்தியா 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் கைவிட்டது. பர்மாவில் அது நீடித்தது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கும் 309ஆம் பிரிவும் அங்கே தண்டனைச் சட்டத்தில் இருக்கிறது. போலீஸ் வருமோ என்று குடும்பம் மறைக்கும்போது சிகிச்சையும் தள்ளிப்போகிறது. இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டமோ அப்படி முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதி, அவருக்குச் சிகிச்சை தருவதை அரசின் கடமையாக்குகிறது.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், பசி, வேலையில் நாட்டம் எல்லாம் கெட்டிருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மருந்துக் கடையில் சீட்டில்லாமல் தூக்க மாத்திரை வாங்கி விழுங்குவது வேறொரு அடிமைத்தனத்தில் கொண்டுபோய் விடும். யாங்கோனில் இருப்பவர்களின் தமிழ்நாட்டு உறவினர்களுக்கே மனம் தளர்ந்தால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம். யாங்கோனில் இருப்பவரிடம் தொலைபேசியில் “தைரியமா இரு” என்று சொல்லி முடித்துவிடாமல், “ராத்திரி தூங்கினியா, சாப்பிட்டியா, செத்துடலாம்னு தோணுதா?” என்று நேராகவே கேட்கலாம். அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது.