பாதி உலகம் என்னும் நகரம்

ஈரான் நாட்டின் நடுப்பகுதியில், தலைநகர் டெஹ்ரானுக்குத் தெற்கே, மலைகளும் பாலை நிலமும் சூழ்ந்த மேட்டுச் சமவெளியில் அமைந்துள்ளது இஸ்பஹான். ‘இஸ்பஹான் பாதி உலகம்’ என்பது பாரசீக மொழியில் வழங்கும் பழமொழி. தம் ஊரைப் புகழ்வது எல்லா ஊரார்க்கும் இயல்பே. எனினும் இந்நகரைச் சுற்றிப் பார்ப்பவர்கள் அப்பழமொழியை வெறும் மிகை என்று எளிதில் தள்ளிவிடுவதில்லை.

மழை குறைந்த அந்நிலத்தில் பெருநகர் ஒன்று எழக் காரணமாயிருந்தது ஓர் ஆறு. ஜாக்ரோஸ் மலைத்தொடரில் தோன்றும் அதற்கு ஜாயந்தே ரூத் என்று பெயர். ‘உயிர் தரும் ஆறு’ என்று அதற்குப் பொருள் கூறுவர். அது கடலைச் சேர்வதில்லை. நகரைக் கடந்து சென்று காவ்கூனி என்னும் சதுப்பு நிலத்தில் முடிகிறது. 1598-ஆம் ஆண்டு சபாவிய மன்னர் முதலாம் ஷா அப்பாஸ் தம் தலைநகரைக் கஸ்வீனிலிருந்து இவ்வாற்றங்கரைக்கு மாற்றினார். இன்று பயணிகள் தேடிச் சென்று காணும் கட்டடங்களுள் பல, அதன்பின் வந்த ஐம்பது ஆண்டுகளில் எழுந்தவையே.

நகரின் நடுவே உள்ளது நக்ஷே ஜகான் சதுக்கம். ‘உலகின் ஓவியம்’ என்பது இப்பெயரின் பொருள். சுமார் 560 மீட்டர் நீளமும் 160 மீட்டர் அகலமும் உடைய இத்திடலை 1979-ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அக்காலத்தில் இங்குக் குதிரைமீது அமர்ந்து ஆடும் போலோ ஆட்டம் நடைபெற்றது. அதற்காக நடப்பட்ட கல்தூண்கள் இன்றும் உள்ளன. வடபுற வாயில் வழியே நுழைந்தால் கம்பளமும் செப்புப் பாத்திரமும் விற்கும் கடைவீதி நெடுந்தொலைவு செல்கிறது.

தென்புறத்தில் நிற்கும் ஷா பள்ளிவாசலின் நீலக் குவிமாடம் 50 மீட்டருக்கும் மேல் உயர்ந்தது. வெளியே காணும் கூடு வேறு. உள்ளே நின்று அண்ணாந்து பார்க்கும் கூடு வேறு. இரண்டிற்கும் இடையில் வெற்றிடம் உண்டு. தில்லியில் உள்ள ஹுமாயூன் கல்லறையின் குவிமாடமும் இத்தகைய இரட்டைக் கூடு உடையதே. பள்ளிவாசலின் குவிமாடத்திற்கு நேர்கீழே நின்று ஒருமுறை கைதட்டினால் அவ்வொலி பலமுறை திரும்பி வந்து கேட்கும். அங்குச் செல்லும் சிறுவர்கள் ஓவியங்களைப் பார்ப்பதற்கு முன் இதைத்தான் செய்து பார்க்கிறார்கள்.

ஹுமாயூனை இந்நகரிலேயே காணலாம். ‘நாற்பது தூண்கள்’ எனப் பொருள்படும் செகேல் சொதூன் அரண்மனையின் முகப்பில் உண்மையில் இருப்பவை 20 மரத்தூண்களே. எதிரே உள்ள குளத்தில் விழும் நிழலையும் சேர்த்து எண்ணினால் நாற்பதாகும்! உள்ளே ஒரு சுவரோவியத்தில், நாட்டை இழந்து வந்த ஹுமாயூனைப் பாரசீக மன்னர் ஷா தஹ்மாஸ்ப் விருந்தினராக வரவேற்கிறார். தஹ்மாஸ்ப் அளித்த படையின் துணை பெற்றுத் திரும்பிய ஹுமாயூன் 1555-ஆம் ஆண்டு மீண்டும் தில்லியைக் கைப்பற்றினார்.

ஆற்றின் தென்கரையில் உள்ள ஜூல்பா பகுதி, இடம்பெயர்ந்து வந்தவர்களின் ஊர். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஷா அப்பாஸ், எல்லைப்புறத்தில் இருந்த பழைய ஜூல்பா நகரின் அர்மீனியரைக் கட்டாயப்படுத்தி இங்குக் குடியேற்றினார். பட்டு வணிகத்தில் அவர்களுக்கு இருந்த திறமை அவருக்குத் தேவைப்பட்டது. சொந்த ஊரை இழந்த அம்மக்கள் புதிய ஊருக்கும் அதே பெயரைச் சூட்டினர். தம் கிறித்தவ சமயத்தையும் மொழியையும் விடவில்லை. 1638-ஆம் ஆண்டிலேயே இங்கு அர்மீனிய மொழியில் நூல் அச்சிட்டனர். அவர்களுடைய வாங்க் தேவாலயம் வெளியே பாரசீகக் குவிமாடமும் உள்ளே விவிலியக் காட்சிகளும் கொண்டது.

இந்த ஜூல்பா வணிகர்கள் சென்னைக்கும் வந்தனர். அவர்களுள் ஒருவரான கோஜா பெத்ருஸ் உஸ்கான் 1726-ஆம் ஆண்டு சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே பாலம் அமைத்தார்; பரங்கிமலைக்கு ஏறப் படிகளும் கட்டுவித்தார். உலகின் முதல் அர்மீனிய இதழ் வெளிவந்ததும் சென்னையில்தான், 1794-ஆம் ஆண்டில். அர்மீனியர் வாழ்ந்த தெரு, தமிழர் நாவில் ‘அரண்மனைக்காரன் தெரு’ ஆயிற்று. அங்கு அரண்மனை எதுவும் இருந்ததில்லை.

பாலம் கட்டும் வழக்கம் உஸ்கானின் முன்னோர் ஊருக்குப் புதிதன்று. இஸ்பஹானில் 33 வளைவுகளைக் கொண்ட சீ-ஓ-சே பாலம் ஏறத்தாழ 300 மீட்டர் நீளமுடையது. 1650-ஆம் ஆண்டளவில் எழுந்த காஜூ பாலம் அதனினும் சிறியது. ஆனால் நுட்பம் மிகுந்தது. அது பாலமும் ஆகும், அணையும் ஆகும். வளைவுகளுக்கு இடையே உள்ள மதகுகளை அடைத்தால் மேற்புறம் நீர் தேங்கித் தோட்டங்களுக்குப் பாயும். திறந்தால் கீழ்ப்புறப் படிக்கட்டுகளின்மேல் நுரைத்து இறங்கும். மாலை வேளைகளில் அவ்வளைவுகளின் கீழ் முதியவர்கள் கூடிப் பாடுவது இன்றும் நடக்கிறது.

ஆனால் ஆண்டின் பெரும்பகுதி அப்பாலங்களின் கீழ் இப்போது நீர் இல்லை. நீண்ட வறட்சி ஒரு காரணம். மேற்பகுதியிலேயே ஆற்று நீர் வேளாண்மைக்கும் ஆலைகளுக்கும் வேறு நகரங்களின் குடிநீருக்கும் எடுக்கப்படுவது மற்றொரு காரணம். வறட்சியைவிட இதுவே உழவர்களைப் பெரிதும் வருத்துகிறது. 2021-ஆம் ஆண்டு நவம்பரில் ஆயிரக்கணக்கான உழவர்களும் நகர மக்களும் வறண்ட ஆற்றுப் படுகையிலேயே திரண்டு நீர் கேட்டனர். நிலத்தடி நீரும் குறைந்து வருவதால் நகரின் தரை சிறிது சிறிதாகத் தாழ்கிறது. நானூறு ஆண்டுகள் நின்ற கட்டடங்களுக்கு அதனால் ஆபத்து நேரும் என்று வல்லுநர்கள் அஞ்சுகின்றனர்.

சில வேளைகளில் உழவுக்காக அணை திறக்கப்பட்டு ஆற்றில் நீர் வருகிறது. அச்செய்தி கேட்டதும் மக்கள் குடும்பத்துடன் பாலங்களுக்கு விரைகிறார்கள். வெடித்த மண்ணின்மேல் முதல் நீர் ஊர்ந்து வருவதைக் கண்டு ஆரவாரம் செய்கிறார்கள். சில நாட்கள் அன்னப்பறவை வடிவப் படகுகள் மிதக்கின்றன. மதகு மூடப்பட்டதும் அவை மீண்டும் வறண்ட படுகையில் வரிசையாகத் தரைதட்டி நிற்கின்றன.