லைப்ரரி கொஞ்சம் அடங்கட்டும்!

நெய்வேலி சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் ஊற்றுநீர் அழுத்தத்தோடு நிற்கிறது. பம்புகள் இரவு பகலாக இறைத்தால்தான் சுரங்கத் தரை தாங்கும். நீரை வற்ற வைப்பதில்லை. அழுத்தத்தை மட்டும் குறைக்கிறார்கள்.

பைத்தான் எழுதும் மாணவர்களுக்கும் இந்த உத்தி உதவும். புரோகிராம் ஓடும்போது எழுதும் குறிப்புதான் லாக். மொத்தத்துக்கும் 'டீபக்' அளவை வைத்தால், 'ரிக்வெஸ்ட்ஸ்' பயன்படுத்தும் 'யூஆர்எல்லிப்3' லைப்ரரியும் ஒவ்வொரு இணைய அழைப்புக்கும் வரி வரியாக எழுதித் தள்ளும். உங்கள் புரோகிராம் சொல்லும் முக்கியமான பிழை அந்த வெள்ளத்தில் மூழ்கிவிடும்.

அதற்காக லாக்கையே மூடிவிடாதீர்கள். அந்த லைப்ரரியின் பெயரிலுள்ள லாகரின் அளவை மட்டும் 'வார்னிங்', அதாவது 30 என்று வையுங்கள். அதன் டீபக் (10), இன்ஃபோ (20) அடங்கும். வார்னிங்கும் எரரும் (40) வழக்கம்போல் வரும். உங்கள் குறிப்புகளும் அப்படியே இருக்கும். கோளாறு வரும் நாளில் கைகொடுப்பவை அந்தச் சில வரிகள்தான்!