மகளின் பிளஸ் ஒன் குரூப்: அவசரத்தில் மூடிவிடும் கதவு



பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரம். மகன் என்றால் என்ன படிக்க வைக்கலாம் என்று நாலு பேரிடம் விசாரிப்போம். மகள் என்றால், "பக்கத்து ஸ்கூலில் எந்த குரூப் இருக்கோ அதில் சேர்த்துவிடலாம், எப்படியும் நிக்காஹ் செய்து கொடுக்கப் போகிறோம்" என்று பேச்சு முடிந்துவிடும். கணக்கில் நல்ல மார்க் வாங்கிய பிள்ளையும் தலையாட்டிவிடும்.

பொறியியல் கதவு மூடுவது அந்த வாரத்தில்தான். தமிழகப் பொறியியல் கலந்தாய்வில் 200க்குக் கட் ஆஃப் கணக்கிடுகிறார்கள். அதில் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. பிளஸ் ஒன்னில் கணிதம் எடுக்காத பிள்ளை, இரண்டு வருடம் கழித்து ஆசைப்பட்டாலும் பயனில்லை.

நம் ஊர்ப் பெண்தான்

சூரியனை ஆய்வு செய்ய இந்தியா அனுப்பிய ஆதித்யா எல்1 விண்கலம் 2023 செப்டம்பர் 2 அன்று ஏவப்பட்டது. பூமியிலிருந்து சுமார் 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நின்று அது சூரியனைப் பார்க்கிறது. அதன் திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி, செங்கோட்டையில் பிறந்த முஸ்லிம் பெண். உள்ளூர்ப் பள்ளியில் படித்து, திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் சேர்ந்து, 1987ல் இஸ்ரோவுக்குப் போனவர்.

அப்துல் கலாம் அவர்களின் வாழ்வில் ஒரு செய்தி உண்டு. எம்.ஐ.டி.யில் சேரப் பணம் இல்லாதபோது, சகோதரி ஜொஹரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். ஒரு பெண்ணின் நகை ஒரு பொறியாளரை உருவாக்கியது. நாமோ மகளின் நிக்காஹுக்கு என்று சிறுகச் சிறுக நகை சேர்க்கிறோம். அதில் ஒரு பங்கு அவள் படிப்புக்குப் போனால் என்ன குறைந்துவிடும்? நகை விற்றால் தீர்ந்துவிடும். படிப்பு, கஷ்டம் வந்த நாளில் அவள் கையில் இருக்கும்.

தூரம், பாதுகாப்பு, செலவு

பெற்றோரின் தயக்கத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வழிகள் இருக்கின்றன.

- பத்தாம் வகுப்பு முடித்ததும் 3 வருட டிப்ளமோ படிக்கலாம். சென்னை, மதுரை, கோவையில் அரசு மகளிர் பாலிடெக்னிக் உண்டு. டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம்.
- 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியலில் 7.5 சதவீத இடஒதுக்கீடு உண்டு. அதில் சேர்பவர்களின் கல்வி, விடுதிக் கட்டணத்தை அரசே ஏற்கிறது.
- முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கிறது. சாதிச் சான்றிதழை இப்போதே சரிபார்த்து வையுங்கள்.
- புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும்.
- ஏ.ஐ.சி.டி.இ.யின் பிரகதி உதவித்தொகை வருடம் 50,000 ரூபாய். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் வரை பெறலாம்.

விதிமுறைகள் மாறக்கூடும். விண்ணப்பிக்கும் வருடத்தில் பள்ளியிலும் அரசு இணையதளத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆறாம் வகுப்பிலேயே தொடங்குங்கள்

வீட்டில் ஃபியூஸ் போனால் தம்பியைக் கூப்பிடுகிறோம்; அக்கா டார்ச் பிடிக்கிறாள். ஒருமுறை மாற்றிப் பாருங்கள். பழுதான ரேடியோவைக் கழற்றிப் பார்க்க விடுங்கள். மகனுக்குக் கொடுக்கும் கம்ப்யூட்டர் நேரத்தை மகளுக்கும் கொடுங்கள். கணக்கில் ஒரு தேர்வில் மார்க் குறைந்தால், "பொம்பளப் பிள்ளைக்கு இது போதும்" என்று சொல்லிவிடாதீர்கள். அந்த வார்த்தை நீண்ட நாள் நிற்கும்.

எல்லாப் பிள்ளையும் பொறியாளர் ஆக வேண்டியதில்லை. மருத்துவமோ, ஆலிமா படிப்போ, ஆசிரியப் பணியோ, அவள் விருப்பம் எதுவானாலும் நல்லதே. ஆனால் கேட்காமலேயே ஒரு கதவை மூடுவது நியாயம் இல்லை. கல்வியைக் கடமையாக்கிய மார்க்கம் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று பிரிக்கவில்லை.

இந்த வருடம் ரிசல்ட் வரும்போது, குரூப்பை முடிவு செய்யும் முன் மகளை அருகில் உட்கார வைத்துக் கேளுங்கள்: "உனக்கு என்னம்மா படிக்க ஆசை?"

நம் பெண் பிள்ளைகளின் கல்வியில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.