வீட்டை எடுத்துக் கட்டினால் பங்கு கூடுமா?

பாகப்பிரிவினை வழக்கில் சம்மன் கைக்கு வந்தால் 30 நாளில் எதிருரை தாக்கல் செய்ய வேண்டும். நீதிமன்றம் அனுமதித்தால் 90 நாள் வரை போகலாம். அதற்குள் என்ன எழுதுவது என்ற குழப்பம் இடைசெவல், கோவில்பட்டிப் பக்கத்துக் கடிதங்களில் தெரிகிறது. விஷயம் ஒன்றுதான்: அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டார், அவருடைய ஓட்டு வீட்டை மகன் எடுத்துக் கட்டினார், இப்போது அக்காவும் தங்கையும் பங்கு கேட்கிறார்கள். செலவழித்தவருக்குக் கூடுதல் பங்கு உண்டா?

கிடையாது. அந்தப் பக்கத்துக் கரிசல் மண் மழைக்கு ஊதும், வெயிலுக்கு வெடிக்கும். அஸ்திவாரத்துக்கே பாதிப் பணத்தைக் கொட்டியவருக்கு இது கசக்கும். வீட்டு வரி ரசீதைக் காட்டி 'உங்க பேருக்கு மாத்தியாச்சு' என்று அலுவலகத்தில் சொல்வதையும் நம்ப வேண்டாம். ரசீது, வரி கட்டியதற்கு மட்டுமே சாட்சி.

உறுத்துவது 1893ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டம். இந்துக் குடும்பத்தில் அம்மா, மகன், இரண்டு மகள்கள் மட்டுமே வாரிசுகள் என்றால் ஆளுக்குக் கால் பங்கு. சின்ன வீட்டை நான்காக அறுக்க முடியாது. பாதிப் பங்கு உள்ளவர்கள் 'விற்றுப் பணமாகத் தாருங்கள்' என்று கேட்கலாம் என்கிறது 2ஆம் பிரிவு. மகள்கள் இருவர் சேர்ந்தாலே பாதி வந்துவிடுகிறது. அப்போது மகனுக்கு 3ஆம் பிரிவு கைகொடுக்கும்: நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்கு அவர்கள் பங்கை அவரே வாங்கிக்கொள்ளலாம். கெட்டிக்கார ஏற்பாடுதான். ஆனால் எந்த வீட்டுக்கு மதிப்பு, பழைய வீட்டுக்கா, எடுத்துக் கட்டிய வீட்டுக்கா? 4 லட்சம் பெற்ற வீட்டில் 8 லட்சம் போட்டு அது 12 லட்சம் ஆனதாக வைத்துக்கொள்வோம். செலவை எதிருரையில் கோராமல் விட்டால் பாதிப் பங்குக்கு 6 லட்சம் எண்ணி வைக்க நேரும். கோரி, நீதிமன்றமும் ஏற்றுக் கழித்தால் 2 லட்சம். தான் போட்ட தளத்துக்குத் தானே இன்னொரு முறை விலை கொடுப்பது என்ன நியாயமோ!

இடம் பெரிதாக இருந்தால் சிக்கல் குறைவு. மற்றவர்களுக்கு நட்டமில்லாதபடி, கட்டிய பகுதியைக் கட்டியவர் பங்கிலேயே ஒதுக்க நீதிமன்றங்கள் பார்க்கும்.

அப்பா உயிரோடு இருந்தால்? சுயசம்பாத்திய வீட்டை அவர் யாருக்கும் எழுதிவைக்கலாம்.

12 வருஷம் குடியிருந்தால்? அனுமதியோடு இருப்பது எதிரிடை அனுபவம் ஆகாது.

வாடகைக்காரர் டைல்ஸ் பதித்தால்? அதனால் மட்டும் வீட்டில் பங்கு வராது.

சிமெண்ட் கடை பில், கொத்தனார் கூலிக் கணக்கு, வங்கி பாஸ்புக் மூன்றையும் எடுத்துக்கொண்டு, 30 நாள் கெடு முடியும் முன் வக்கீலைப் பாருங்கள்.